பனிக்குள் ஒட்டிய முகம்

நான் பனியைப் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதுமில்லை. ஆனால் மலாக்கா டவுனில் வருஷக்கணக்காகப் பனியைக் கூட்டிப் பெருக்கியவள் நான். பனி அழகு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இடுப்புதான் வலிக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, மேலே வீடு, பின்னால் தகரக் கூரை போட்ட அறை. அந்த அறையில்தான் படம் எடுப்பது. சுவரில் சுருட்டி மாட்டிய மூன்று துணிகள் இருந்தன. ஒன்றில் அரண்மனைத் தூண், இன்னொன்றில் தென்னையும் கடலும், மூன்றாவதில் பனிமலை. கடைப் பலகை எழுதும் சீனர் ஒருவர் பிஸ்கட் டின் மூடியைப் பார்த்து அந்தப் பனியை வரைந்து கொடுத்தார். அவரும் பனியைக் கண்டவரில்லை. மலை சரியாகத்தான் இருந்தது. மரங்கள்தான் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல் நின்றன.

துணி போதாது என்று இவருக்கு ஆசை. இலவம் பஞ்சை வாங்கி வந்து தரையெல்லாம் பரப்பிவிடுவார். "அப்பத்தான் கால் பனிக்குள்ள புதைஞ்ச மாதிரி இருக்கும்," என்பார். புதைவது அவர்கள் கால், பொறுக்குவது என் கை. சேலைக் கரையில் ஒட்டும், மூக்கில் ஏறும், சாயங்காலம் சோற்றில்கூடக் கிடக்கும். தும்மித் தும்மி நெஞ்சு வலிக்கும். தகரக் கூரைக்குக் கீழே அந்த அறை அடுப்பு. அதற்குள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, பனிமலைக்கு முன்னால் வேர்த்து ஊற்ற ஊற்ற நிற்பார்கள். நான் ஒரு கையில் துண்டும் ஒரு கையில் பவுடர் டின்னுமாக ஓரத்தில் நிற்பேன்.

அப்படியும் எல்லாருக்கும் அந்தப் பனிதான் வேண்டும். கல்யாணமான ஜோடிகள், தீபாவளிக்கு உடுப்புப் போட்டு வந்த குடும்பங்கள், யாராயிருந்தாலும் வாசலில் கால் வைத்ததும் "பனி இருக்காண்ணே?" என்றுதான் கேட்பார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மட்டும் தென்னைதான் பிடிக்கும். தஞ்சோங் கிளிங் பக்கம் போனால் நிஜத் தென்னையே நிற்கிறது, எங்கள் துணித் தென்னைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஒரு சிப்பாய் பனித்துணியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னவென்று இவரைக் கேட்டேன். "அவங்க ஊர்ல இதை யாரும் படம் பிடிக்கறதில்லையாம். அள்ளி அள்ளிக் கொட்டறதுக்கே நேரம் சரியா இருக்குமாம்," என்றார். என் ஜாதிக்காரன் ஒருவன் கிடைத்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இவருக்குப் பனிமேல் பைத்தியம். துரை வீட்டிலிருந்து கழித்துப் போட்ட பழைய புத்தகங்களில் பனிப் படங்கள் இருக்கும். சாப்பாட்டை வைத்துவிட்டு நான் காத்திருப்பேன், இவர் அந்தப் படங்களை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "வெள்ளைக்குள்ள வெள்ளைய எடுக்கணும். அதுதான் வித்தை. ஒருதரமாச்சும் நிஜப் பனிய எடுத்துரணும்," என்பார். "மொதல்ல சோத்த எடுத்து வாயில வைங்க," என்பேன் நான்.

பிறகு எமர்ஜென்சி வந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளையும் ஊரில் இருப்பவர்களையும் பிரித்துப் பார்க்க, ஆளுக்கு ஒரு ஐசி என்ற அடையாளக் கார்டு, அதில் படம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்லிவிட்டது. சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் லோரியிலும் போனோம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒரு முக்காலி. பால் வெட்டிவிட்டு அப்படியே வந்து வரிசையில் நிற்பார்கள். தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்வதும், முகத்தைத் துடைத்துவிடுவதும், கண்ணைச் சிமிட்டாதே என்பதும் என் வேலை. சிரிக்கக்கூடாது என்றும் சொல்லச் சொன்னார்கள். அதைச் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் முகம் முகமாக வரும். அத்தனை முகங்களைப் பார்த்த பிறகு புருஷன் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பிருக்காது.

கொஞ்சகாலத்தில் தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். தள்ளித் தள்ளி இருந்த வீடுகளையெல்லாம் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். வாசலில் காவல், அரிசி வெளியே போகிறதா என்று சோதனை, இருட்டினால் யாரும் நடமாடக்கூடாது. அங்கிருந்து லீவு நாளில் டவுனுக்கு வருகிறவர்கள் முன்னைவிட அதிகமாகப் பனியைக் கேட்டார்கள். எனக்கு எரிச்சல் தாங்காமல், "அப்படி என்னதான் இருக்கு அந்தத் துணியில?" என்று ஒருவரிடம் கேட்டேவிட்டேன். அவர் யோசித்து, "அதுல பால் மரம் இல்லம்மா," என்றார். "வேலியும் இல்லலா," என்றாள் அவர் மனைவி. அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

அப்படி ஒரு லீவு நாளில்தான் அந்தப் பெண் வந்தாள். சிம்பாங் அம்பாட்டைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இடுப்பில் ஒரு பையன், மூன்று வயதுக்குள் இருக்கும். சாயங்காலம் கேட்டை மூடுவதற்குள் திரும்பிப் போகவேண்டும் என்ற அவசரம் முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, பனிப் படம் எடுக்கணும். எங்க வீட்டுக்காரரும் கூட இருக்கணும்," என்றாள்.

"அவரு எங்க, வெளிய நிக்கறாரா?"

"ஊர்ல இருக்காருக்கா."

விஷயம் இதுதான். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று அவள் புருஷனைப் பிடித்துப் போனார்கள். கொடுத்தானோ இல்லையோ, யார் கண்டது. கொஞ்சகாலம் உள்ளே வைத்திருந்துவிட்டு நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கைப்பிள்ளையோடு கப்பல் ஏற அவளுக்குப் பயம், பிள்ளை நடக்கட்டும் பிறகு வருகிறேன் என்று தங்கிவிட்டாள். அங்கே அவர் அக்காள் வீட்டில் இருக்கிறார். அக்காள் மகள் ஒருத்தி கல்யாண வயதில் நிற்கிறாள். அக்கரையில் இருப்பவளை நம்பி எத்தனை நாள் இருப்பாய், இவளைக் கட்டிக்கொள் என்று வீடே சேர்ந்து அவரை நெருக்குகிறதாம்.

"நாங்க மூணு பேரும் ஒண்ணா நிக்கற படம் ஒண்ணு அவருகிட்ட இருந்தா, இந்தா பாருங்க என் குடும்பம்னு எடுத்து வைப்பாருக்கா. எங்களக் கூப்புட்டுக்குவாரு," என்றாள்.

இல்லாத ஆளைப் படத்தில் சேர்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. செத்தவர்களைக்கூடச் சேர்த்திருக்கிறோம். ஆனால் ஒட்டுவதற்கு முகம் வேண்டுமே? "ஐசிக்கு நீங்கதானேண்ணே எங்க தோட்டத்துல எடுத்தீங்க?" என்று இவரைக் கேட்டாள். இவர் எதையும் தூக்கிப் போடாத மனுஷர். நெகட்டிவை எல்லாம் தோட்டம் தோட்டமாக டின்னில் போட்டு வைத்திருந்தார். எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பிடித்துக் காட்டினேன். நெகட்டிவில் எல்லா முகமும் கரிக்கட்டை, எல்லாத் தலையும் நரை. எனக்கு ஒருவரும் அடையாளம் தெரியவில்லை. அவள் ஒன்றைப் பார்த்ததும், "இவருதான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒட்டுவதென்றால் உடம்புக்கு ஓர் ஆள் வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு அந்தத் தலையை எடுத்துவிட்டு வேண்டிய தலையை வைக்கவேண்டும். வழக்கமாகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார். அன்றைக்கும் கூப்பிடப் போனார். அவள் மறித்துவிட்டாள்.

"வேணாம்ண்ணே. அடுத்த ஆம்பள பக்கத்துல நின்னேன்னு தெரிஞ்சா நான் லயத்துல குடியிருக்க முடியாது."

"தலைதான் படத்துல வராதேம்மா."

"தலை இல்லாட்டாலும் ஆம்பளதானேண்ணே!"

இவர் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் வளர்த்தி. எனக்குப் புரிந்துபோயிற்று. "என்னைய என்ன பாக்கறீங்க? நான் சிலுவார் போடணுமா? வேற வேல இல்ல உங்களுக்கு!" என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் திரைக்குப் பின்னால் போய்க் கால்சட்டையும் கோட்டும் மாட்டிக்கொண்டு வந்தேன். கொண்டை கொண்டையாகவே இருந்தது, அதுதான் வெட்டுப்படப் போகிறதே. பையனை முக்காலியில் நிறுத்தி, "அவன் தோள்மேல கையப் போடு, அப்பன்காரன் மாதிரி," என்றார் இவர். போட்டேன். எலும்பு சின்னதாகக் கைக்குள் தட்டுப்பட்டது. பையன் கேமராவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், திருப்பி நிறுத்தப் பெரும்பாடு பட்டோம்.

இந்த ஒட்டு வேலையில் பனித்துணிக்கு ஈடே கிடையாது. அரண்மனைத் துணியில் ஒட்டினால் தலையைச் சுற்றி வெட்டின கோடு அப்பட்டமாகத் தெரியும். ஐசி படமோ வெள்ளை விரிப்புக்கு முன்னால் எடுத்தது, பனியும் வெள்ளை. பிளேடால் ஓரத்தை மெல்லியதாகச் சீவி, பசை தடவி ஒட்டி, பிரஷ்ஷால் ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி படம் எடுத்தால் சந்து எங்கே என்று கடவுளுக்கே தெரியாது. நான் வண்ணம் பூசினேன். அவள் சேலைக்குப் பச்சை, அவர் கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்பு. என்ன பூசி என்ன, ஐசிக்கு முறைத்த முறைப்புத்தானே? போலீஸைப் பார்த்தவர் மாதிரியே அந்தப் பனிக்குள்ளும் நின்றார்.

படத்தை வாங்க வந்தபோது அவள் அந்த முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பினாள், ஒன்றை லயத்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். நல்லது நடக்கட்டும் என்று நானும் மனசார நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன், அவ்வளவு வேலை.

சில மாதங்கள் கழித்து மறுபடி வந்தாள். இந்தமுறை லீவு நாளில்லை. அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. பையனைக் கீழே இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கை யாரோடதுன்னு கேட்டு எழுதியிருக்காருக்கா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்தக் கை?"

"பிள்ள மேல இருக்கற கை. அவருக்குச் சுண்டு விரல் பாதிதான்க்கா இருக்கும். கல்யாணத்துக்கு முந்தியே கத்தி பட்டுப் போச்சு. படத்துல முழுசா இருக்கு. என் மொகத்த வச்சுட்டு எவன் கைய வாங்கினேன்னு கேட்டிருக்காரு."

"ஐயோ, நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? விரல நான் அழிச்சிருப்பேனே!"

"நான் மொகத்தத்தான்க்கா பாத்தேன்," என்றாள். "கையப் பாக்கவே இல்ல."

கூட வாழ்ந்தவள் அவள். அந்தக் கைக்கு எத்தனையோ முறை சோறு போட்டவள். அவளுக்கே தோன்றவில்லை என்றால் முகத்துக்கு எப்படி ஏங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட மோசம், அவளுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஸ்டோர் வாசலில் நின்று சத்தம் போட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். பாலை நிறுக்க வந்தவர்கள் அத்தனைபேரும் கேட்டார்கள். அன்றையிலிருந்து லயத்தில் அவளோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் இரண்டு பேரும் வரவேண்டாம், நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைசியில் எழுதியிருந்ததாம்.

"நான் வெவரமா எழுதித் தரேன்," என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம். "மொகத்தையே ஒட்டிக் குடுத்தவங்க கதைய ஒட்ட மாட்டாங்களா? யாரு நம்புவா? அதே துணி, அதே கோட்டு, அதே கையி. இந்தத் தடவ என் தலையோட எடுத்து அனுப்புங்க."

"பைத்தியமா உனக்கு? பொண்டாட்டி சிலுவார் போட்டு நிக்கற படத்த ஊர் ஊரா அனுப்பறதா? கடை மானம் என்ன ஆவறது?"

"அவ மானம் போயிட்டிருக்கு, கடை மானத்தப் பேச வந்துட்டீங்க!"

அவர் போய்ப் பனித்துணியை இறக்கினார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தேன்.

பையன், "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

லயத்தில் தினமும் அந்தப் படத்தைக் காட்டி, "இதுதான் அப்பா," என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவனுக்கு அந்த முறைக்கிற முகம் எங்கே தெரியும்? பனிக்கு முன்னால் பக்கத்தில் நின்ற ஆளை, தோளைப் பிடித்த ஆளை ஞாபகம் வைத்திருந்தான். "டேய், அது அப்பா இல்லடா, அத்தைடா," என்று அவள் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கோட்டுக்குள் வேர்த்து நனைந்துகொண்டு நின்ற எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவள் அழும்போது சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வளையல் தெரியட்டும் என்று கோட்டுக் கையை மேலே ஏற்றிவிட்டு, ஐந்து விரலையும் விரித்து அவன் தோள்மேல் வைத்தேன். நெற்றியில் பொட்டு, தலையில் கொண்டை, கீழே சிலுவார். இவர் எப்போதும் சொல்லும் "ஆடாதீங்க" கூடச் சொல்லாமல் எடுத்துவிட்டார். படத்தில் பையன் என்னைத்தான் அண்ணாந்து பார்க்கிறான். இந்தமுறை ஒருவரும் அவனைத் திருப்பி நிறுத்தவில்லை.

படம் போய் வெகுநாள் பதிலில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யார் படமெடுக்க வந்தாலும் அவளைப் பற்றிக் கேட்பேன். "அப்படியேதான் இருக்கு," என்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் அவளே வந்தாள். அவர் கூப்பிட்டுவிட்டார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அக்காள் வீடே சிரித்ததாம், அவர் மட்டும் சிரிக்கவில்லையாம். கப்பலுக்கு ஏற்பாடாகிவிட்டது என்றாள்.

"கைய வீசிக்கிட்டு வந்திருக்கேன்க்கா. எது கொண்டாந்தாலும் கேட்டுல புடுங்கிடுறானுங்க."

"நீ வந்ததே போதும்," என்றேன்.

பையன் திரைக்குப் பின்னால் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கோட்டைத்தான் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் அதை மாட்டிக்கொள்ளவில்லை. "அப்பாவப் பாக்கப் போறடா," என்று தலையைக் கோதி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

வருஷம் ஒன்றிருக்கும். எங்கள் வரிசையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். அவர் ஊரும் அந்தப் பக்கம்தான். கடையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "ஒரு கூத்தக் கேளுங்கம்மா," என்று ஆரம்பித்தார்.

"நீங்க அனுப்பிவிட்ட பிள்ள இருக்கானே, கப்பல விட்டு எறங்கினதும் அப்பன்கிட்ட போகமாட்டேன்னு ஒரே கத்தல். நீ எங்க அப்பா இல்ல, எங்க அப்பா கோட்டுப் போட்டிருப்பாருங்கறான். தூக்கினா கடிக்கறான். மிட்டாய் குடுத்தா தூக்கி எறியறான். அந்த மனுஷன் எத்தன நாளைக்குத்தான் பாப்பாரு? டவுனுக்குப் போயி ஒரு கறுப்புக் கோட்டு தச்சு வாங்கிக்கிட்டு வந்துட்டாரு. சித்திர வெயில்லலா! வயலுக்கும் அதப் போட்டுக்கிட்டுத்தான் போறாரு. ஊரே கோட்டுக்காரன்னு கூப்புட்டுச் சிரிக்குது. ஆனா பிள்ள இப்ப அவரு தோள விட்டு எறங்கறதில்ல."

நானும் சிரித்தேன். அவர் போன பிறகு இவர் கேமராவைத் துடைத்தபடியே, "ஒட்டினது நாம. வேக்கறது அவரு," என்றார்.

நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் கோட்டுக்குள் எப்படி வேர்க்கும் என்று எனக்குத் தெரியும், கழுத்தில் வழிந்து முதுகெல்லாம் ஓடும், மூச்சு முட்டும். ஒரு பிள்ளை அப்பா என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளுமானால் நானும் அதைக் கழற்றியிருக்கமாட்டேன்.